இல்லை, அது நானில்லை

அந்தத் தூக்குப்போசிய உன்ற காலுக்குப் பக்கத்துல கொஞ்சம் தள்ளி வெச்சுக்கறயா அம்மிணி? சோறுதான், சிந்தாது. மொத்தம் அஞ்சு போசி. ரெண்டு என்ற மடியில, ரெண்டு சீட்டுக்கடியில. இந்த ஒண்ணுக்குத்தான் எடமில்லாம கரூர் வரைக்கும் கையில புடிச்சுட்டே வந்தேன். கண்டக்டரு வேற லக்கேஜு லக்கேஜுன்னு மொணங்கறான். கட்டுச்சோறுப்பா இது, லக்கேஜான்னு கேட்டுப்போட்டேன். சூலிப் புள்ளைக்குக் கொண்டு போற சோத்துக்கு டிக்கெட் கேக்கறவன் வெளங்குவானா?

நீ எங்க எறங்கோணும்? குளித்தலையா. அப்ப இன்னும் நேரம் இருக்குது. நான் திருச்சி போயி, அங்கிருந்து லால்குடிக்கு வண்டி புடிக்கோணும். என்ற பொண்ணு அங்கதான் இருக்கறா. பேரு பூர்ணிமா, ஊட்டுல பூரணிம்போம். இப்ப ஏழு மாசம். எங்க பக்கமெல்லாம் தலைச்சன் புள்ளைன்னா ஏழாம் மாசம் தாய்வீட்டுல இருந்து அஞ்சு வகைச் சோறு ஆக்கிக் கட்டிட்டுப் போயி, உண்ண வெச்சு, வளையல் போட்டு, கையோட ஊருக்குக் கூட்டியாருவோம். புளிச்சோறு, தேங்காச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தக்காளிச்சோறு, தயிர்ச்சோறு. கோழி கூப்புட எந்திரிச்சு ஒத்தையா நின்னு ஆக்குனேன். அவ மொகத்தப் பாத்து ஒண்ணரை வருசமாச்சு.

உனக்கு செல்லு நல்லா நோண்டத் தெரியுமில்ல? இதுல ஒண்ணு அழுத்திப் பாக்கோணும். இரு இரு, மொட்டையா அழுத்துன்னா நீ என்னமோ ஏதோன்னு நெனைப்ப. மொதல்ல இருந்து சொல்றேன்.

எனக்கு ரெண்டு புள்ளைங்க. பெரியவன் நவநீதன், அவனுக்கு அடுத்தது பூரணி. காங்கயத்துப் பக்கம் எங்களுக்குத் தேங்காக் களம். கொப்பரை காய வெச்சு ஏலத்துக்குப் போடறது. அவனும் அவிய அப்பாவும் பாத்துக்கறாங்க. நல்ல பையன் அம்மிணி. கோவம் வரும், வந்தா கண்ணு தெரியாது, மத்தபடி தங்கம். தங்கச்சி மேல உசுரு. அவ காலேஜு போன மூணு வருசமும் இவந்தான் வண்டியில கொண்டுபோயி உட்டு, இவந்தான் கூட்டியாருவான். ஒரு பையன் அவளத் திரும்பிப் பாத்திருக்க முடியுமா? அப்படி ஒரு காவல். அவளுக்குத்தான் அந்த அருமை தெரியல.

படிச்சுட்டு ஒரு ஆபீசுல கம்ப்யூட்டர் வேலைக்குப் போனா. மெயிலு, போட்டோன்னு அவளுக்கு ஒரு அக்கவுண்டு. அத ஆராச்சும் தொறக்கோணும்னா பாஸ்வேர்டு போட்டா மட்டும் பத்தாது, ஆறு நம்பர் ஒண்ணு வரும், அதையும் போட்டாத்தான் தொறக்கும். ரெண்டு பூட்டும்மா, ஒண்ணத் திருடுனாலும் இன்னொண்ணு காப்பாத்தும்னு சொல்லுவா. அந்த நம்பர எங்க வர்ற மாதிரி வெச்சிருந்தா தெரியுமா? என்ற செல்லுக்கு. உன்கிட்ட வந்தா பத்தரமா இருக்கும்மான்னா. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. அவ கேக்கறப்பெல்லாம் அடுப்படியில இருந்தே படிச்சுச் சொல்லுவேன்.

ஒரு நாள் அவ ஆபீஸ் போயிட்டா, எனக்கு நம்பர் வருது. நவநீதன் பக்கத்துல நின்னுட்டு, என்னம்மா வந்திருக்குது, படின்னான். படிச்சேன். இதுல என்ன தப்புங்கற? பெத்த மகன் கேக்கறான். பாஸ்வேர்டு ஊட்டுல எல்லாத்துக்கும் தெரிஞ்சதுதான், எங்க செவலை மாட்டுப் பேரும் அவ பொறந்த வருசமும். அவன் உள்ள போயி எல்லாத்தையும் பாத்துட்டான். ஒரு பையன். ஆஸ்பத்திரியில ரத்தம் பரிசோதிக்கற வேலை. நம்ம சனம் இல்ல. வேற. என்னன்னு கேக்காத, வேற.

அன்னிக்குப் பொழுதோட அவ வந்ததும் நடந்தது நடந்து போச்சு. கை லேசாப் பிசகிடுச்சு. ஆஸ்பத்திரியில மாவுக்கட்டுப் போட்டாங்க, மாடிப்படியில உழுந்துட்டான்னு நாந்தான் சொன்னேன். ஊர் வாய மூட ஒலைமூடி இருக்குதா, சொல்லு. அன்னிக்கு ராத்திரி அவ என்கிட்டக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்.

"எதுக்கும்மா அந்த நம்பரப் படிச்ச?"

கேட்டான், படிச்சேன்னு சொன்னேன். உண்மையத்தான சொன்னேன்? அதுக்கப்பறம் அவ என்கிட்டச் சரியாப் பேசவே இல்ல. அந்த நம்பரும் என்ற செல்லுக்கு வர்றது நின்னு போச்சு. மாத்திப்போட்டா. ஆராச்சும் அவ அக்கவுண்ட தொறந்தா நேரா அவ கையில இருக்கற செல்லுலயே கேக்கற மாதிரி வெச்சுக்கிட்டா. எனக்கு எத்தனை வெசனம்னு நெனைக்கற? பெத்தவகிட்ட இருந்து புடுங்கிட்டாளேன்னு.

கையி சரியாகி, ஒரு செவ்வாக்கெழம போயிட்டா. எங்களுக்குச் செவ்வாக்கெழமதான் கொப்பரை ஏலம், ஆம்பளைங்க பத்து மணிக்குப் போனாப் பொழுதோடதான் வருவாங்க. நான் களத்துல இருந்தேன். ஊட்டுக்கு வந்து பாத்தா பீரோ தொறந்து கெடக்குது, அவ சர்டிபிகேட்டு மட்டும் இல்ல. நகையில ஒரு குண்டுமணி தொடல. அந்தப் பையனக் கண்ணாலம் பண்ணிட்டதா ரெண்டு நாள்ல ஸ்டேஷன்ல இருந்து சொன்னாங்க.

அப்பறம் எங்கூட்டுக்காரரு செஞ்சது. நீ கேள்விப்பட்டிருப்ப, எங்க பக்கம் சில பேரு செய்யறதுதான். கண்ணீர் அஞ்சலின்னு பிளெக்ஸ் அடிச்சு ரோட்டுல கட்டுனாரு. மொட்டை போட்டுக்கிட்டாரு. சொந்தம் ஒறம்பறையெல்லாம் வந்து சோறுண்டுட்டுப் போனாங்க. உசுரோட இருக்கற புள்ளைக்கு. பிளெக்ஸுக்குப் போட்டோ நாந்தான் எடுத்துக் குடுத்தேன். அவிய ஆதார் போட்டோவப் போடறேன்னாங்க, அதுல அவ பேயாட்டம் இருப்பா. நாலு பேரு பாக்கறது நல்லா இருக்கோணுமில்ல? கோயில் நோம்பிக்குப் பட்டுச்சீலை கட்டி எடுத்தத எடுத்துக் குடுத்தேன். அதே போட்டோவப் பெருசாக்கி, மாலை போட்டு ஊட்டுக்குள்ள ஆசாரத்துச் செவுத்துல மாட்டியாச்சு. தெனமும் அதுக்குக் கீழதான் உக்காந்து சோறுண்டோம்.

ஆனா எனக்கு உள்ளுக்குள்ள அடிச்சுட்டே இருந்துச்சு அம்மிணி. இருக்கறாளா இல்லையா? சாப்புட்டாளா? ஆருகிட்டக் கேக்கறது?

காங்கயம் பஸ் ஸ்டாண்டுக்குப் பொறத்தால ஒரு ஜெராக்ஸ் கடை. ரெஜினான்னு ஒரு பொண்ணு வெச்சிருக்குது. ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்கப் போனப்ப, சும்மா கேட்டேன், இப்பிடி ஒரு அக்கவுண்டு இருக்குது, பாஸ்வேர்டு தெரியும், தொறக்க முடியுமான்னு. அந்தப் பொண்ணு என்ற செல்லுலயே போட்டுப் பாத்துச்சு. பாஸ்வேர்டு சரிதான்னுச்சு. ஆனா, செல்லப் பாரு, அதுல கேட்டிருக்கோம்னு வருதுன்னுச்சு. அவ செல்லுல இப்ப, காங்கயத்துல இருந்து ஆரோ தொறக்கறாங்க, அது நீதானான்னு கேட்டிருக்கும், அவ ஆமான்னு அழுத்துனாத்தான் தொறக்கும்னு சொல்லுச்சு. ரெண்டு பேரும் அதையே பாத்துட்டு நின்னோம். ஒரு நிமிசம் ஆயிருக்காது. தொறக்க முடியாதுன்னு வந்துருச்சு. அவ அழுத்திட்டா. இல்லை, அது நானில்லைன்னு.

நான் அங்கயே உக்காந்து அழுதுட்டேன். ரெஜினா பயந்து போயித் தண்ணி குடுக்குது. ஏன் அழுகறேன்னு அதுக்குத் தெரியல. இல்லைன்னு அழுத்தறதுக்கு ஒரு வெரலு வேணுமில்ல அம்மிணி? என்ற புள்ளை உசுரோட இருக்கறா.

அதுக்கப்பறம் செவ்வாக்கெழம தவறாமப் போயிருவேன். பதினோரு மணிக்கு. ரெஜினா போடும், அவ இல்லைன்னு அழுத்துவா, நான் பஸ் ஏறிருவேன். எட்டு மாசம். சில நாளு டக்குன்னு வரும், சமையல முடிச்சுட்டாளாட்டம் இருக்குதுன்னு நெனைச்சுக்குவேன். ஒரு தடவை பத்து நிமிசம் ஆயிருச்சு, எனக்கு உசுரே போயிருச்சு. அப்பறம் வந்துச்சு. கெரகம், குளிக்கப் போயிருப்பா.

ரெஜினாதான் ஒரு நாள் சொல்லுச்சு. ஒவ்வொரு தடவை இல்லைன்னு அழுத்தறப்பவும், உன்ற பாஸ்வேர்டு வெளிய தெரிஞ்சு போச்சு, ஒடனே மாத்துன்னு அவ செல்லு அவள வெரட்டுமாம். அவ மாத்தல. அவளுக்கு நீங்கதான்னு தெரியும்மான்னுச்சு. தெரியாம? செவ்வாக்கெழம பதினோரு மணிக்கு எங்கூட்டு ஆம்பளைங்க ஏலத்துல இருப்பாங்கன்னு அவளுக்குத் தெரியாதா? வேற நாளு வேற நேரத்துல வந்தா அவ என்ன பண்ணியிருப்பாளோ. செவ்வாக்கெழம வந்தா அது நான்.

போன செவ்வாக்கெழம, இந்த வாரம்தான், ரெஜினா போட்டுட்டு என்கிட்ட செல்லக் குடுத்துட்டு ஜெராக்ஸ் எடுக்கப் போச்சு. நான் பாத்துட்டே இருக்கறேன். தொறந்துருச்சு.

ஆமான்னு அழுத்திட்டா அம்மிணி. எட்டு மாசம் கழிச்சு.

ரெஜினான்னு கத்துனேன். அது ஓடியாந்து போட்டோவத் தொறந்து காட்டுச்சு. மொதப் போட்டோவே வயிறு. பக்கவாட்டுல நின்னு, வயித்து மேல கைய வெச்சுக்கிட்டு. அந்தப் பிசகுன கைதான். எனக்குக் காட்டத்தான் தொறந்து உட்டிருக்கறா, வேற எதுக்கு? ஸ்கேன் எடுத்த சீட்டு. ஒரு தொட்டிலு ஆர்டர் போட்டிருக்கறா, அது மெயில்ல வந்திருக்குது, ஊட்டு அட்ரஸோட. லால்குடி, தெருப் பேரு, கதவு நம்பர் எல்லாம். நான் அவளத் தொட்ட மாதிரியே இருந்துச்சு.

ரெஜினா என்ற கையப் புடிச்சுட்டுச் சொல்லுச்சு, "அம்மா, கண்ணாரப் பாத்துக்குங்க, நான் இதோடயே மூடித் தர்றேன். ஊட்டுல ஆருகிட்டயும் காட்டாதீங்க." நான் வேண்டாம்னுட்டேன். ஊட்டுக்குப் போயும் பாக்கோணும்னுட்டேன். அது பாவம், நல்ல புள்ளைதான், ஆனா நம்ம மொறை அதுக்கு எங்க தெரியும்? ஏழு மாசம் ஆச்சு. தாய்மாமன் இல்லாம ஒரு சீரு உண்டா? பொறக்கற புள்ளைக்கு மொட்டை போட மடியில வெக்கறது ஆரு? காது குத்த உக்கார வெக்கறது ஆரு? அண்ணங்காரன் இருக்கறப்ப, அண்ணனுக்குச் சொல்லாமத் திருட்டுத்தனமா நான் மட்டும் போயி வளையல் போட்டா அது அவளுக்குத்தான கொறை?

அதனால சொன்னேன். செவ்வாக்கெழம பொழுதோட, சோறு போட்டுட்டு நவநீதங்கிட்ட மெதுவாச் சொன்னேன். தாய்மாமன் ஆகப் போறடான்னு. அவன் பாதிச் சோத்துலயே கையக் கழுவீட்டான். கண்ணு கலங்கிருச்சு. செவந்து போச்சு. நான் பாத்தேன். செல்லக் குடும்மா, போட்டோ பாக்கறேன்னான். குடுத்தேன்.

ரெண்டு நாளு அவன் கைலயேதான் செல்லு இருந்துச்சு. திருப்பித் திருப்பிப் பாக்கறான். பாசம் இல்லாமயா பாப்பான்? வியாழக்கெழம குடுத்தான், அக்கவுண்டு மூடிக்கிச்சும்மான்னான். அப்பறம் அவனே சொல்லீட்டான், "நீ கட்டுச்சோறு ஆக்கி எடுத்துட்டுச் சனிக்கெழம பஸ்ஸுல வா. நான் முன்னால போயி பேசி வெக்கறேன், எல்லாருமாக் கூட்டியாரலாம்." அண்ணன் முன்ன போயிச் சொல்றதுதான மொறை? நான் என்னமோ பயந்துட்டு இருந்தேன், அவனே வழி பண்ணீட்டான்.

நேத்து வெள்ளிக்கெழம பத்து மணிவாக்குல கார்ல கெளம்பீட்டான். அவிய பெரியப்பா பசங்க ரெண்டு பேரும் கூட. மூணு பேரு எதுக்குன்னு கேட்டேன். சாமான் செட்டு இருக்குமில்லம்மான்னான். ஆமா, தொட்டிலு வேற இருக்குது.  எங்கூட்டுக்காரரு குலதெய்வத்துத் துண்ணூற எடுத்து மூணு பேரு நெத்தியிலயும் வெச்சு உட்டாரு. அவன் வண்டி எடுக்கறப்ப ஒரு நாளும் வெக்காத மனுசன். பேரனோ பேத்தியோன்னதும் எளகிட்டாரு பாருன்னு எனக்குச் சந்தோசம்.

ஒண்ணு மட்டும். அவ வர்ற ஊட்டுல மாலை போட்ட போட்டோ இருக்கலாமா, சொல்லு? அபசகுனம். அவன் கெளம்பறதுக்கு முன்ன நான் ஸ்டூலு மேல ஏறி அதக் கழட்டப் போனேன். அவன் கையப் புடிச்சு எறக்கி உட்டுட்டான். "இருக்கட்டும்மா. அது பாட்டுக்கு இருக்கட்டும்." அவ்வளவுதான் சொன்னான். சரி, வந்து அவனே கழட்டிக்குவான்னு உட்டுட்டேன்.

ஏன் அம்மிணி அப்பிடிப் பாக்கற? பயப்படாத. எங்க சனத்த உனக்குத் தெரியாது. கோவம் வந்தா வெட்டுவேன் குத்துவேன்னு கத்துவாங்க, மனசு வெள்ளை. பெத்தவ எனக்குத் தெரியாதா?

நேத்து போன் பண்ணுனான். மூணு மணி, களத்துல பொம்பளைங்க டீ குடிக்க எந்திரிச்ச நேரம். வந்துட்டோம்மா, தெருவக் கண்டுபுடிச்சுட்டோம்னான். அவளக் குடுடா பேசறேன்னேன். வெச்சுட்டான். அதுக்கப்பறம் செல்லு எடுக்கல. ராத்திரி அடிச்சேன், வெடியால அடிச்சேன், சுவிட்ச் ஆப்பு. அந்தப் பசங்க ரெண்டு பேருதும் ஆப்பு. சார்ஜு போயிருக்கும். மூணு பேருக்கும் போயிருக்கும். எங்கூட்டுக்காரரக் கேட்டேன், பேசாமப் போயி சோறாக்குன்னாரு. ஆக்குனேன்.

அதான் உன்கிட்டக் கேக்கறேன். இன்னைக்குச் செவ்வாக்கெழம இல்ல, இருந்தாலும் போடு. நான் வந்துட்டு இருக்கறேன்னு அவளுக்குத் தெரியட்டும். அதோ அவ போட்டோ வந்துருச்சு பாரு. அதுக்குக் கீழ இங்கிலீசுல செவலைன்னு அடி. அப்பறம் ஒண்ணு, ஒம்பது, ஒம்பது, ஒம்பது. அழுத்து. இப்ப செல்லப் பாருன்னு வரும். ஆமான்னாலும் சரி, இல்லைன்னாலும் சரி. இல்லைன்னு வந்தாக்கூட எனக்குப் போதும்.

என்ன, செவப்பா வருது? தப்புங்குதா? தப்பா இருக்காது அம்மிணி. நிதானமா மறுக்காப் போடு. எழுத்தப் பாத்து அடி.

மறுக்காவுமா? கீழ என்னமோ எழுதியிருக்குதே, அத வாசி.

மாத்திட்டாளா. பாஸ்வேர்ட மாத்திப்போட்டாளா. எட்டு மாசம் மாத்தாதவ, நான் அஞ்சு போசி சோத்தச் சொமந்துட்டுப் போறப்ப மாத்திட்டாளா. பெத்த மனம் பித்து, புள்ளை மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க? அப்பிடி என்ன பண்ணீட்டேன் நான்? தாய்மாமனுக்குச் சொன்னது ஒரு குத்தமா? என்னையக் கூடவா வெளிய வெச்சுப் பூட்டுவா?

எத்தனை மணி நேரத்துக்கு முன்னாடின்னு வாசிச்ச? பத்தொம்பதா.

இப்ப மணி என்ன அம்மிணி? பத்தா. பத்துல இருந்து பத்தொம்பது பின்னால போனா, நேத்து மூணு. மூணுன்னா சரியா மூணா?

இரு, எந்திரிக்காத. குளித்தலைதான், தெரியுது, வண்டி நிக்கும். அதுல நிமிசம் போட்டிருக்குதான்னு பாரு. நல்லாப் பாரு சாமி. அவன் போயிக் கதவத் தட்டறதுக்கு முன்ன மாத்துனாளா, தட்டுனதுக்குப் பொறவு மாத்துனாளா? அத மட்டும் பாத்துச் சொல்லீட்டு எறங்கு.